யார் வீட்டு மரம்?

கொலோன்ல எரென்ஃபெல்ட் பக்கமோ பெல்கிஷஸ் ஃபியர்ட்டல் பக்கமோ ஒரு காபிக் கடைக்குள்ள போனீங்கன்னா, நாலு சுவர்ல ஒண்ணு பழைய பலகையால மூடியிருக்கும். ஒரு பலகை சாம்பல் நிறம், அடுத்தது கருத்த பழுப்பு, நடுவுல துருப்பிடிச்ச ஆணி ஓட்டை. இப்போ இது வீடுகளுக்குள்ளயும் வந்தாச்சு. எனக்குத் தெரிஞ்ச தமிழ்க் குடும்பங்கள்லயே மூணு வீட்டு ஹால்ல பார்த்துட்டேன். எங்க வீட்டிலயும் இந்த வருஷம் ஒண்ணு செஞ்சோம்.

செய்யணும்னு நினைக்கிறவங்களுக்கு உதவட்டும்னுதான் இதை எழுதறேன். பலகையைச் சுவர்ல ஏத்தறது ரெண்டு சனிக்கிழமை வேலை. அந்த மரம் எங்கிருந்து வருதுன்னு தெரிஞ்சுக்கத்தான் எங்களுக்கு நாலு மாசம் ஆச்சு. அதனால முதல்ல கொஞ்சம் ஊர் சுத்திட்டு, அப்புறம் சுவருக்கு வருவோம்.

பழைய ஊர்ல பழைய மரம் இல்லை

கொலோன் 2000 வருஷத்து ஊர். ஆனா நகரத்துக்குள்ள பழைய வீட்டு மரம் தேடினா ரொம்பக் குறைவாத்தான் கிடைக்கும். 1942 மே 30 ராத்திரி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரிட்டிஷ் விமானங்கள் இந்த ஒரே ஊர் மேல குண்டு போட்டன. அதுக்கு அப்புறமும் பல தடவை. போர் முடியறப்போ உள்நகரத்துல கிட்டத்தட்ட 90 சதவீதம் அழிஞ்சிருந்தது. கூரை, உத்தரம், மாடித்தளம், படிக்கட்டுன்னு மரமா இருந்ததெல்லாம் எரிஞ்சுபோச்சு. மிஞ்சினது கல்லும் செங்கல்லும். அந்த இடிபாட்டைக் குவிச்சு வச்ச மேடுதான் ஆஹனர் வையர் ஏரிக்குப் பக்கத்துல இன்னைக்கு நம்ம பிள்ளைங்க உருண்டு விளையாடற புல்மேடு. ஹெர்குலஸ்பெர்க் குன்றும் அப்படி வந்ததுதான்.

தப்பிச்ச மரம் கொஞ்சம் இருக்கு. கொலோன் கதீட்ரல் உள்ளே குருமார்களுக்கான ஓக் மர இருக்கைகள், மொத்தம் 104. 1300-களின் தொடக்கத்துல செஞ்சது, ஜெர்மனியில இருக்கிற இடைக்கால இருக்கை வரிசைகள்ல இதுதான் பெருசு. அதே கதீட்ரலோட தெற்குக் கோபுரத்து மேல ஒரு பெரிய மரக் கிரேன் 1868 வரைக்கும் நின்னுது. கோபுர வேலை பாதியில நின்னு போன நூற்றாண்டுகள் முழுக்க, பழைய ஓவியங்கள்ல கொலோனோட அடையாளமே அந்தக் கிரேன்தான்.

இன்னொண்ணு மண்ணுக்குக் கீழே இருக்கு. ஹோய்மார்க்ட்டுக்குக் கொஞ்சம் தெற்கே, உபியர் மோனுமென்ட்னு ரோமானியர் காலத்துக் கல்கோபுரத்தோட அடிப்பாகம். அது சேத்துக்குள்ள இறங்காம இருக்க அடியில ஓக் மரக் கழிகளை அடிச்சு இறக்கியிருக்காங்க. அந்தக் கழிகளோட வளையங்களை எண்ணித்தான், கோபுரம் கி.பி. 4 அல்லது 5-ஆம் ஆண்டைச் சேர்ந்ததுன்னு கண்டுபிடிச்சாங்க. மரம் நல்ல மழை வருஷத்துல தடிச்ச வளையம் போடும், வறட்சி வருஷத்துல மெல்லிய வளையம் போடும். இந்தப் பகுதி ஓக் மரங்களோட வளைய வரிசையை ஆயிரக்கணக்கான வருஷத்துக்குத் தொகுத்து வச்சிருக்கிறதால, ஒரு துண்டு மரத்தை வச்சே அது வெட்டப்பட்ட வருஷத்தைச் சொல்ல முடியுது. கல்லுக்கு அந்த மாதிரி நாள்குறிப்பு கிடையாது.

களஞ்சியங்கள் இருக்கிற பக்கம்

அப்போ காபிக் கடைச் சுவர்ல இருக்கிற பலகை எங்கிருந்து வருது? பெரும்பாலும் ஊருக்கு வெளியே இருந்து. கிழக்கே பெர்கிஷஸ் லாண்ட், தென்கிழக்கே வெஸ்டர்வால்ட், தென்மேற்கே ஐஃபல். சில சமயம் இன்னும் தூரத்துல, ஆல்ப்ஸ் மலையடிவாரத்துல இருந்தும் வரும். அங்கெல்லாம் ஷொய்னென்னு சொல்ற பெரிய களஞ்சியங்கள் இருந்தன. வைக்கோல், தானியம், வண்டி எல்லாம் ஒரே கூரைக்கு அடியில. விவசாயம் இயந்திரத்துக்கு மாறினதும் பழைய கட்டடத்துக்குள்ள புது டிராக்டர் நுழையலை. கூரை ஒழுகினா சரிசெய்ய ஆள் இல்லை. கடைசியில கழட்டி விக்கிறாங்க.

நேர்ல பார்க்கணும்னா பிள்ளைங்களைக் கூட்டிட்டு கொம்மெர்ன் திறந்தவெளி அருங்காட்சியகத்துக்குப் போங்க. கார்ல ஒரு மணி நேரத்துக்குள்ள போயிடலாம். 1961-ல திறந்தது. ரைன்லாண்ட் கிராமங்கள்ல இருந்து பழைய வீடுகளையும் களஞ்சியங்களையும் கழட்டிக் கொண்டுவந்து திரும்ப நிறுத்தியிருக்காங்க. ஓக் மரச் சட்டத்துக்கு நடுவுல குச்சியைப் பின்னி, களிமண்ணும் வைக்கோலும் குழைச்சுப் பூசின சுவர்கள். நம்ம ஊர்ல தட்டி கட்டி மண் பூசற முறையேதான், சட்டம் மட்டும் கனம்.

அங்கே ஒரு விஷயத்தைத் தவறாம காட்டுங்க. சட்டங்கள் சேர்ற இடத்துல உளியால வெட்டின சின்னக் கோடுகள் இருக்கும்: I, II, III, IIII. தச்சர்கள் சட்டத்தை முதல்ல தரையில கிடத்திப் பொருத்திப் பார்ப்பாங்க, ஒவ்வொரு இணைப்புக்கும் எண் வெட்டுவாங்க, பிரிப்பாங்க, அப்புறம் மனையில கொண்டுபோய் எண் பார்த்து நிறுத்துவாங்க. கழிக்குக் கழி எண் இருக்கிறதாலதான் 200 வருஷம் கழிச்சு ஒரு அருங்காட்சியகத்தால அதே வீட்டைக் கழட்டி வேற ஊர்ல நிறுத்த முடிஞ்சது.

மரக்கடையில ரெண்டு குவியல்

நாங்க போன பழைய மரக்கடை கொலோனுக்கு வெளியே ஒரு பெரிய முற்றம். கடைக்காரர் அறுபது வயசுக்காரர். ஒவ்வொரு குவியலுக்கும் ஒரு அட்டை: என்ன மரம், எந்தப் பகுதி, எந்தக் கட்டடம், எப்போ கழட்டினது. இந்த அட்டை இருக்கிற கடையா பார்த்துப் போங்க. "பழசு" அப்படிங்கற ஒரே வார்த்தையோட விக்கிற இடத்துல, புது மரத்தைக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்ச்சு சாயம் பூசினதும் கலந்திருக்கும். வித்தியாசம் கண்டுபிடிக்கலாம். மழையும் வெயிலும் பட்ட உண்மையான பலகை வெளிப்பக்கம் சாம்பல், உள்பக்கம் வேற நிறம். மழை படாம வெயில் மட்டும் பட்ட பலகை கரும்பழுப்பா இருக்கும். ஆணி இருந்த இடத்தைச் சுத்திக் கறுப்புக் கறை மரத்துக்குள்ள ஊறியிருக்கும். சாயம் பூசின பலகையில எல்லாப் பக்கமும் ஒரே நிறம், அறுத்துப் பார்த்தா உள்ள பளிச்சுன்னு இருக்கும்.

எங்க பட்ஜெட்டுக்குள்ள ரெண்டு குவியல் இருந்துச்சு. ஒண்ணு பெர்கிஷஸ் லாண்ட்ல கூரை சரிஞ்சு விழுந்த ஒரு களஞ்சியம். இன்னொண்ணு எர்கெலென்ஸ் பக்கத்துல, நிலக்கரிச் சுரங்கத்துக்காகக் காலி பண்ணின ஒரு கிராமத்துக் களஞ்சியம். ரெண்டுமே ஸ்ப்ரூஸ் பலகை, விலையும் ஒண்ணு. ரெண்டாவதுதான் பார்க்க அழகு. அதுல ஒரு பலகை மேல பென்சில்ல அஞ்சு அஞ்சாக் கோடு போட்டு எதையோ எண்ணியிருந்தாங்க. எத்தனை வண்டி வைக்கோல் வந்துச்சுங்கற கணக்கா இருக்கும்னார் கடைக்காரர்.

என் மனைவி உடனே முடிவு சொல்லலை. "அந்த ஊர் எப்படி இருக்குன்னு பார்த்துட்டு வாங்கலாம்"னா. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம்.

ஊர் இருந்த இடம்

கொலோனுக்கு வடமேற்கே, யாக்கெராத் கிட்ட சுரங்கத்தைப் பார்க்கறதுக்குன்னே ஒரு மேடை கட்டியிருக்காங்க. அதுல நின்னா கார்ட்ஸ்வைலர் சுரங்கம் தெரியும். குழின்னு சொன்னா போதாது. எதிர்க்கரை புகைமூட்டத்துல மங்கலா இருக்கும். நடுவுல நகர்ற இயந்திரம் முதல்ல பொம்மை மாதிரி தெரியும். அதுல ஒண்ணான பாகர் 288-க்கு உயரம் 96 மீட்டர், எடை 13,000 டன்னுக்கும் மேல. ஒரு நாளைக்கு 2,40,000 டன் வரைக்கும் தோண்டும்.

ரைன்லாண்ட்ல பழுப்பு நிலக்கரிக்காக இடம் மாறினவங்க 40,000 பேருக்கும் மேல. சுரங்கத்துக்குப் பேர் கொடுத்த கார்ட்ஸ்வைலர் கிராமமே இப்போ அந்த இடத்துல இல்லை. இம்மெராத் ஊரோட இரட்டைக் கோபுர தேவாலயத்தை ஊர்க்காரங்க பெருமையா கதீட்ரல்னே சொல்வாங்க. அதை 2018 ஜனவரியில இடிச்சாங்க. லுட்ஸெராத்தை 2023 ஜனவரியில போலீஸ் வந்து காலி பண்ணினது உங்கள்ல பலரும் செய்தியில பார்த்திருப்பீங்க. அதுக்கு சில மாசம் முன்னாடி, 2022 அக்டோபர்ல, இங்கே நிலக்கரியை 2030-லயே நிறுத்தறதுன்னு முடிவாச்சு. அதனால கையன்பெர்க் உட்பட அஞ்சு கிராமம் தப்பிச்சது. ஆனா அங்கே இருந்தவங்கள்ல நிறையப் பேர் அதுக்குள்ள வீட்டைக் கொடுத்துட்டுப் போயிட்டாங்க.

இது நமக்குத் தெரியாத கதை இல்லை. 1956-ல நெய்வேலி நிறுவனம் ஆரம்பிச்சப்போ அதே பழுப்பு நிலக்கரி, அதே மாதிரி சக்கரம் வச்சுத் தோண்டற ஜெர்மன் இயந்திரம், அதே மாதிரி கிராமங்களைக் காலி பண்றது. நம்ம வீட்டு மின்சாரத்துக்குப் பின்னாடி அங்கேயும் இங்கேயும் யாரோ ஒருத்தர் வீடு இருந்திருக்கு.

மகள் ரொம்ப நேரம் குழியைப் பார்த்துட்டுக் கேட்டா: "அவங்க மரத்தை நம்ம எடுத்துக்கிட்டா அவங்களுக்குக் கோபம் வராதா?" மனைவிதான் பதில் சொன்னா: "அவங்க வித்துட்டாங்கம்மா. நம்ம எடுக்கலைன்னா வேற யாராவது எரிச்சிடுவாங்க. ஆனா எங்கிருந்து வந்துச்சுன்னு நம்ம மறக்கக் கூடாது." அந்தக் குவியலையே வாங்கினோம். பென்சில் கணக்கு இருந்த பலகையையும் சேர்த்து.

வாங்கறதுக்கு முன்னாடி: விஷம், பூச்சி, பெல்லட்

பிள்ளைங்க இருக்கிற வீட்டுல இந்தப் பகுதிதான் முக்கியம்.

ஜெர்மனியில 2003 மார்ச்ல இருந்து பழைய மரத்துக்குன்னு ஒரு சட்டம் இருக்கு. மரத்தை நாலு வகையாப் பிரிக்கிறாங்க. A1 எதுவும் பூசாத மரம். A2 ஒட்டினது, சாதாரண பெயின்ட் அடிச்சது. A3 பிவிசி மாதிரி பூச்சு இருக்கிறது. A4 பாதுகாப்பு மருந்து ஏத்தினது: தண்டவாளக் கட்டை, தந்திக் கம்பம், வேலிக்கால். வீட்டுக்குள்ள A1 தவிர வேற எதையும் கொண்டுவராதீங்க. கடைக்காரர்கிட்ட இந்த வகையை எழுத்துலயே கேளுங்க.

பெரிய ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது. பென்டாகுளோரோஃபீனால்னு ஒரு பூஞ்சைக்கொல்லி, சுருக்கமா பிசிபி. லிண்டேன்னு ஒரு பூச்சிக்கொல்லி. 1960, 70-கள்ல இந்த ரெண்டையும் கூரை மரத்துக்கும் உள்சுவர்ப் பலகைக்கும் தாராளமா பூசினாங்க. பிசிபியை மேற்கு ஜெர்மனி 1989-ல தடை பண்ணுச்சு. கிழக்கு ஜெர்மனியில 1980-களின் கடைசி வரைக்கும் டிடிடி கலந்த மருந்து புழக்கத்துல இருந்துச்சு. மரம் 100 வருஷப் பழசா இருந்தாலும், நடுவுல 1970-ல யாராவது ஒரு கோட் அடிச்சிருக்கலாம். அதனால மேல்பரப்புல இருந்து சீவின துகளை ஒரு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிப் பாருங்க. மொத்தச் செலவுல அது சின்னப் பங்கு. வெளிச்சுவர்ப் பலகையில தார் வாசனை வந்தா சோதனையே வேண்டாம், விட்டுடுங்க.

பூச்சி ரெண்டு வகை. 1, 2 மில்லிமீட்டர் வட்ட ஓட்டைன்னா மேசை நாற்காலியில வர்ற சின்ன வண்டு. 5-ல இருந்து 10 மில்லிமீட்டர் நீள்வட்ட ஓட்டைன்னா ஹவுஸ்பொக், கூரையையே தின்னற வகை. ஓட்டை இருந்தா பிரச்சினை இல்லை, ஓட்டையில இருந்து புது மாவு மாதிரி தூள் கொட்டினாத்தான் பிரச்சினை. நல்ல கடைகள் மரத்தைச் சூடாக்கித்தான் விக்கும்: பலகையோட நடுப்பகுதி 55 டிகிரியில குறைஞ்சது ஒரு மணி நேரம். அந்தச் சான்றைக் கேட்டு வாங்கிக்கோங்க.

"எதுக்கு இவ்வளவு, பெல்லட்டை உடைச்சா போதாதா"ன்னு நிறைய நண்பர்கள் கேட்டாங்க. செய்யலாம், முத்திரையைப் பார்த்து. HT-ன்னு இருந்தா வெப்பத்தால பதப்படுத்தினது. MB-ன்னு இருந்தா மெத்தில் புரோமைடு வாயு ஏத்தினது, வேண்டாம். நீலம், சிவப்பு பெயின்ட் அடிச்ச பெல்லட் வாடகை நிறுவனங்களோட சொத்து, தெருவுல கிடந்தாலும் எடுத்தா திருட்டு. என்ன சரக்கு சிந்தியிருக்குன்னு தெரியாத கறைபட்ட பெல்லட்டும் வேண்டாம்.

சுவர்

எங்க சுவர் 3.2 மீட்டர் அகலம், 2.4 மீட்டர் உயரம். 7.7 சதுர மீட்டர்னு வச்சு, அறுக்கறதுல போற கழிவுக்கு 15 சதவீதம் சேர்த்து 9 சதுர மீட்டர் வாங்கினோம். 20 மில்லிமீட்டர் ஸ்ப்ரூஸ் சதுர மீட்டருக்குக் கிட்டத்தட்ட 9 கிலோ. அதே தடிமன் ஓக் 14 கிலோவைத் தொடும். ஜிப்சம் பலகைச் சுவரா, செங்கல் சுவரா, பழைய வீட்டு உதிர்ற பூச்சான்னு தட்டிப் பார்த்து, அதுக்கு ஏத்த ஆங்கர் வாங்கணும்.

வெளிச்சுவரைத் தேர்ந்தெடுக்காதீங்க. குளிர்காலத்துல பலகைக்குப் பின்னாடி ஈரம் தங்கிப் பூஞ்சை வரும். ரெண்டு அறைக்கு நடுவுல இருக்கிற உள்சுவர்தான் பாதுகாப்பு. கொலோன்ல நம்மள்ல பெரும்பாலானவங்க வாடகை வீடு. அதனால வீட்டுக்காரர்கிட்ட மின்னஞ்சல்ல அனுமதி வாங்கிட்டு, திரும்பக் கழட்டற மாதிரி செஞ்சோம். சுவர்ல நேரா பசை போட்டு ஒட்டறது வேண்டவே வேண்டாம்.

பலகை வந்ததும் மூணு வாரம் அந்த அறையிலயே குச்சி இடைவெளி விட்டு அடுக்கி வச்சோம். களஞ்சியக் காத்துல இருந்த மரம் ஹீட்டர் ஓடற வீட்டுக்குள்ள வந்தா சுருங்கும். அந்தச் சுருக்கம் சுவர்ல ஏறறதுக்கு முன்னாடியே முடிஞ்சிடணும். அப்புறம் சுத்தம். பால்கனியில முகக்கவசம் போட்டுக்கிட்டு பித்தளைக் கம்பி பிரஷ்ஷால இழைப் போக்குல தேய்ச்சு, வேக்குவம் போட்டோம். ஓக், பீச் மரத்தூள் புற்றுநோய் வரவைக்கும்னு வகைப்படுத்தியிருக்காங்க, அந்த மரம் வாங்கினா இன்னும் கவனம். ரம்பம் வைக்கிறதுக்கு முன்னாடி உலோகம் காட்டற கருவியை ஒவ்வொரு பலகை மேலயும் ஓட்டணும். உள்ளே முறிஞ்ச ஆணி ஒண்ணு போதும், ரம்பப் பல் தெறிக்கிறதுக்கு.

சுவர்ல முதல்ல கம்பி, பைப் எங்கே ஓடுதுன்னு பார்த்து, 50 சென்டிமீட்டருக்கு ஒண்ணா குறுக்குச் சட்டம் திருகினோம். அது மேல பலகையை நெட்டுவாக்குல. மேலயும் கீழயும் ஒரு விரல் இடைவெளி, காத்து போக. சுவிட்ச் பெட்டியை முன்னால நகர்த்தற வேலையை எலெக்ட்ரீஷியன் செஞ்சார், அதை நீங்களே தொடாதீங்க. தரையில இருந்து 1.2 மீட்டர் வரைக்கும், பிள்ளைங்க கை படற உயரத்துக்கு, சிராய் ஏறாத அளவுக்கு உப்புத்தாள் போட்டு வழுவழுப்பாக்கினோம். மேல பூசற எண்ணெய் டப்பாவுல EN 71-3-ன்னு இருக்கான்னு பாருங்க, பொம்மைகளுக்கான பாதுகாப்பு அளவு அது. ஆளி எண்ணெய் நனைஞ்ச துணியைச் சுருட்டிக் குப்பையில போட்டா தானாவே தீப்பிடிக்கும். வெளியே விரிச்சுக் காயவைங்க. ஞாயிற்றுக்கிழமை டிரில் போட்டா அண்டை வீட்டுக்காரர் வந்து நிப்பார், அதுவும் ஞாபகம் இருக்கட்டும்.

கொம்மெர்ன்ல பார்த்த உளி எண்களை மகள் மறக்கலை. தரையில வரிசையா அடுக்கிப் பார்த்து முடிச்சதும், ஒவ்வொரு பலகைக்கும் பின்னாடி எண் போடணும்னா. "ரோமன் எண் வேண்டாம், நம்ம எண் போடு"ன்னு தாத்தா வீடியோ கால்ல சொல்லிக் கொடுத்தார்: ௧, ௨, ௩, ௪. தமிழ்ப் பள்ளியில ஒரு வருஷமா மனசுல நிக்காத தமிழ் எண்கள் ஒரே மத்தியானத்துல வந்துடுச்சு. பின்பக்கம் மேல் மூலையில களஞ்சியம் இருந்த ஊர்ப் பேரையும் எழுதினா.

ஒரு கேள்வி

சுவர் முடிஞ்சு ரெண்டு வாரத்துல ஒரு நண்பர் குடும்பம் சாப்பிட வந்தாங்க. அவர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர். கூட அவர் அப்பாவும் வந்தார். யாழ்ப்பாணத்துல வலிகாமம் வடக்கு. பெரியவர் சுவர் கிட்ட போய் ஒரு பலகையைத் தடவிப் பார்த்துட்டுக் கேட்டார்.

"இது ஆற்ற வீட்டு மரம், தம்பி?"

அதுவரைக்கும் வந்தவங்க எல்லாரும் எவ்வளவு ஆச்சு, எங்கே வாங்கினீங்கன்னுதான் கேட்டாங்க. நான் சுரங்கத்தைப் பத்தியும் அந்தக் கிராமத்தைப் பத்தியும் சொன்னேன்.

"அந்தச் சனத்துக்குக் காசு குடுத்தவங்களோ?"

"குடுத்தாங்க ஐயா. பக்கத்துலயே புது ஊரும் கட்டிக் குடுத்தாங்க."

"அப்ப பரவாயில்லை." கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் மிச்சத்தைச் சொன்னார். "நாங்கள் தொண்ணூறில வெளிக்கிட்டனாங்கள். திரும்பிப் போய்ப் பாக்கேக்க சுவர் மட்டும்தான் நிண்டது. கதவு இல்லை, யன்னல் இல்லை, நிலை இல்லை. கூரை மரம் முழுக்கக் கழட்டிப் போட்டாங்கள். வளையில அப்பு தன்ர பேரும் வருசமும் வெட்டி வச்சவர். அது இப்ப ஆற்ற வீட்டில கிடக்குதோ."

நண்பருக்கு அந்த வளையைப் பத்தி அன்னைக்குத்தான் தெரியும். வலிகாமம் வடக்குல ராணுவம் பிடிச்சு வச்ச நிலத்தைப் போர் முடிஞ்ச அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா விட்டப்போ, திரும்பிப் போன நிறையப் பேர் பார்த்தது இதைத்தான். ஜெர்மன் கிராமத்துக்கு நடந்ததும் அவருக்கு நடந்ததும் ஒண்ணு இல்லை, அதை அவரே முதல் கேள்வியில பிரிச்சுட்டார். ஆனா கழட்டின மரம்னா முதல்ல என்ன கேக்கணும்னு அவருக்குத் தெரிஞ்சிருந்துச்சு.

காரைக்குடிக் கதவு

இதே கேள்வியை நம்ம ஊர் மரத்துக்கும் கேக்கணும். வெளிநாட்டுல இருக்கிற தமிழர்கள் பலர் ஹால்ல வைக்க காரைக்குடியில இருந்து ஒரு செதுக்கு வேலை செஞ்ச நிலைக்கதவோ தூணோ வரவழைக்கிறாங்க. எங்க வீட்டிலயும் அந்தப் பேச்சு வந்துச்சு.

அந்தத் தேக்கு பெரும்பாலும் பர்மாவுல இருந்து வந்தது. நகரத்தார் அங்கே வட்டித் தொழில் பண்ணி, மரத்தைக் கப்பல்ல கொண்டுவந்து கட்டின வீடுகள். 1942 மார்ச்ல ஜப்பான் ரங்கூனைப் பிடிச்சது. கொலோன் எரியறதுக்குக் கிட்டத்தட்ட மூணு மாசம் முன்னாடி. அந்தத் தொழிலும் சொத்தும் போச்சு. அதுக்கப்புறம் ஒரு வீட்டுக்குப் பங்காளிகள் பத்து, இருபது, ஐம்பதுன்னு பெருகினாங்க, பராமரிக்கப் பணம் இல்லை. சில வீடுகளைக் கழட்டி விக்கறாங்க. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுல வரிசையா இருக்கிற பழம்பொருள் கடைகள்ல தூண், கதவு, போட்டோ சட்டம், எனாமல் பாத்திரம் எல்லாம் அங்கிருந்து வருது. இன்னொரு பக்கம் செட்டிநாட்டுக் கிராமங்கள் 2014-ல இருந்து யுனெஸ்கோவோட உத்தேசப் பட்டியல்ல இருக்கு.

வாங்கவே கூடாதுன்னு நான் சொல்ல வரலை. வீடு ஏற்கெனவே விழுந்து, கதவு விறகுக்குப் போற நிலைமைன்னா அதை வாங்கறது நல்லதுதான். ஆனா முழுசா நிக்கிற வீட்டுல தூணுக்கு நல்ல விலை வருதுன்னு கழட்டினா, மேலே இருக்கிற கூரை நிக்காது. எந்த ஊர், எந்த வீடு, ஏன் கழட்டினாங்கன்னு கடைக்காரரால சொல்ல முடியலைன்னா நாங்க வாங்கறதா இல்லை. நடைமுறையிலும் யோசிக்கணும்: நம்ம ஊர்க் காத்துல 100 வருஷம் இருந்த தேக்கு, நம்ம ஹீட்டர் காத்துல ரெண்டு குளிர்காலத்துல வெடிக்கலாம்.

அதுக்குப் பதிலா, அடுத்த விடுமுறைக்குச் செட்டிநாட்டுல தங்கும் விடுதியா மாத்தின ஒரு பழைய வீட்டுல ரெண்டு ராத்திரி தங்கறதா முடிவு பண்ணியிருக்கோம். நாம கொடுக்கிற வாடகை அந்தக் கூரையை நிக்க வைக்கும். பிள்ளைங்களும் தூணைத் தூண் இருக்கிற இடத்துலயே பார்ப்பாங்க. சென்னைக்குப் போறவங்க முட்டுக்காடு தட்சிணசித்ராவுல, கழட்டிக் கொண்டுவந்து முழுசா நிறுத்தின செட்டிநாட்டு வீட்டைப் பார்க்கலாம். கொம்மெர்ன்ல பார்த்த அதே வேலைதான்.

செய்யப் போறவங்களுக்கு

கடைக்குப் போறப்போ மூணு கேள்வியைத் தாள்ல எழுதி எடுத்துட்டுப் போங்க. இது எந்தக் கட்டடத்து மரம்? ஏன் கழட்டினாங்க? மேல என்ன பூசியிருக்கு? மூணாவதுக்குப் பதில் தெரியலைன்னா ஆய்வுக்கூடம் சொல்லும். முதல் ரெண்டையும் எந்தக் கருவியாலயும் கண்டுபிடிக்க முடியாது. சொல்றதுக்கு ஆள் இருக்கும்போதே கேட்டு எழுதி வச்சுக்கணும்.

வேலைக்கு ஆகற நேரம்: ஒரு நாள் சுத்தம், ஒரு நாள் சட்டம், ஒரு நாள் பலகை. எங்க சுவர்ல மொத்தம் 61 பலகை. பென்சில் கணக்கு இருக்கிறது 23-ஆவது. அதைத் தேய்க்காம, எண்ணெயும் பூசாம அப்படியே மாட்டியிருக்கோம். வீடு மாறும்போது ௧-ல இருந்து ஆரம்பிச்சு அதே வரிசையில திரும்ப நிறுத்த வேண்டியது மகளோட பொறுப்பு.